கணக்குப் பிடித்த பிள்ளைக்கு எந்தப் பட்டம்?

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால், அடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல்தான் என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கட்-ஆஃப் அதற்குத் தோதாகவே இருக்கிறது: மொத்தம் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50.

சேர்ந்தபின் கணக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை யாரும் பார்ப்பதில்லை. அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டத்தில், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு முதல் செமஸ்டரில் அணிகளும் நுண்கணிதமும், இரண்டாவதில் புள்ளியியலும் எண்ணியல் முறைகளும், மூன்றாவதில் டிஸ்கிரீட் மேத்ஸ். பிறகு அல்காரிதம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் போன்ற தாள்களில்தான் கணக்குச் சிந்தனை தலைகாட்டும். புரோகிராம் எழுதுவதிலும் ஆசை உள்ள பிள்ளைக்கு இது நல்ல இடம். கணக்குக்காகவே போகிறவருக்கு இரண்டாம் ஆண்டிலேயே ஏக்கம் வந்துவிடும்.

அப்படியானால் பி.எஸ்சி. கணிதமா? அங்கே சிக்கல் வேறு. பள்ளியில் விடை கண்டுபிடித்தால் போதும். கல்லூரியில் அது ஏன் சரி என்று நிரூபிக்க வேண்டும். நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிரூபிக்கும் ரியல் அனாலிசிஸ் தாளில் எப்சிலான், டெல்டா என்ற குறியீடுகள் வரும்போது, புத்தகத்தின் பின்பக்கக் கணக்குகளை மின்னல் வேகத்தில் போட்டுப் பழகியவர்கள் திணறுகிறார்கள். புரியாத தேற்றத்தை மனப்பாடம் செய்து எழுதினாலும் மதிப்பெண் வந்துவிடும் என்பதுதான் பெரிய ஆபத்து. மூன்று ஆண்டு முடிந்தும் கையில் எதுவும் நிற்காது. ஆகவே இந்தப் பட்டத்தில் சேர்பவர் முதல் செமஸ்டரிலிருந்தே தேற்றங்களைப் புத்தகத்தை மூடிவைத்துத் தானே நிரூபித்துப் பார்க்க வேண்டும். கூடவே பைதான் படிக்க வேண்டும். கணித மாணவர்களுக்காக 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்கலாம். பின்னால் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., பி.எட். முடித்து ஆசிரியப் பணி, எம்.சி.ஏ. என்று பல வழிகள் இருக்கின்றன.

நிரூபணத்தில் உண்மையான ருசி உள்ள பிள்ளைக்கு எங்கள் முதல் பரிந்துரை இந்த இரண்டுமல்ல. சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட், கணிதத்தையும் கணினி அறிவியலையும் ஒரே பட்டத்தில் சேர்த்துத் தருகிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் கொல்கத்தாவின் பி.ஸ்டாட். நிகழ்தகவு, புள்ளியியல் பக்கம் சாயும், பெங்களூருவின் பி.மேத். தூய கணிதம். இரண்டு நிறுவனங்களும் தனி நுழைவுத் தேர்வு வைக்கின்றன. இதில் பலர் கோட்டை விடுவது தேதியில்தான். தேர்வு மே மாதவாக்கில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் தேடினால் அந்த ஆண்டு போனதுதான்.

பிள்ளைக்கு அந்த ருசி இருக்கிறதா என்று எப்படி அறிவது? அந்த நிறுவனங்களின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. விரிவாக எழுதவேண்டிய கணக்குகளில் இரண்டை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை. மாலைவரை சலிக்காமல் தாளும் பேனாவுமாக இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். அரைமணியில் விடையைக் கேட்டால், அந்தப் பிள்ளைக்குப் பிடித்தது வேகமும் மதிப்பெண்ணும். பொறியியலோ புள்ளியியலோ அதற்குப் பொருந்தும்.

ஆக்சுவரி பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடர்க் கணக்குப் போடும் தொழில் அது. அதற்கென்றே தனிப் பட்டம் தேவையில்லை. பி.எஸ்சி. புள்ளியியல் படித்துக்கொண்டே ஏசெட் நுழைவுத் தேர்வை எழுதலாம். ஆனால் அது வாசல் மட்டுமே. உள்ளே வரிசையாக நிற்கும் தாள்களை முடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். நடுவில் விட்டாலும் புள்ளியியல் பட்டம் கையில் இருக்கும் என்பதால் இந்த வழியே பாதுகாப்பு.