எட்டு மைக் இன்டர்ஃபேஸ்: திருகோணமலை உப்புக்காற்றில் நீண்டகாலப் பயன்பாடு

மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டிதான் ஓடியோ இன்டர்ஃபேஸ். அந்தப் பெட்டியில் 18 என்று போட்டிருந்தால் 18 மைக் கொழுவலாம் என்று நம்பி வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20, பெரிங்கர் யூஎம்சி1820 இரண்டையும் எடுத்துப் பாருங்கள். மைக்கை நேரே செருகக்கூடிய வாய்கள் இரண்டிலும் எட்டுத்தான். மீதிப் பத்தில் எட்டு, அடாட் என்ற ஒப்டிக்கல் துளை வழியாக வருபவை. கடைசி இரண்டும் எஸ்பிடிஃப் என்ற இன்னொரு டிஜிட்டல் துளை வழியாக. டாஸ்காம் யூஎஸ்-16×08 வேறு மாதிரி: எட்டு மைக், எட்டு லைன் (கீபோர்ட் போன்றவற்றின் வலுவான சிக்னலுக்கு), அடாட் கிடையாது. கீபோர்ட், எலெக்ட்ரோனிக் தம்புரா, பழைய மிக்ஸர் என்று எல்லாவற்றையும் நிரந்தரமாகக் கொழுவி வைப்பவருக்கு அது நல்ல சாமான். நாளைக்கு இன்னும் நான்கு மைக் வேண்டும் என்பவருக்கு அதில் வழியில்லை.

ஆகவே கணக்கைப் பெட்டியில் தொடங்காமல் பாயில் உட்காருபவர்களிடம் தொடங்குங்கள். ஒரு பண்ணிசைப் பதிவு: பாடுபவருக்கு 1, மிருதங்கத்தின் இரண்டு பக்கத்துக்கும் 2, வயலினுக்கு 1, தாளத்துக்கு 1, சுருதிப்பெட்டிக்கு லைனில் 1. கூடப் பாடும் பிள்ளைகளுக்கு ஒரு சோடி மைக் வைத்தால் எட்டும் முடிந்தது. அதே அறையில் கோயில் மேளம் பதிவதென்றால் தவில் இரண்டுக்கும் வலந்தலை, தொப்பி என்று 4, நாதஸ்வரம் இரண்டுக்கு 2, தாளத்துக்கு 1, அறையின் ஒலிக்கு 2. ஒன்பது ஆகிவிட்டது. அந்த ஒன்றுக்காகப் பெட்டியை விற்று இன்னொன்று வாங்குவதா, அடாட் துளையில் எட்டு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி) ஒன்றைக் கொழுவுவதா? இதனால்தான் அடாட் உள்ளீடு இல்லாத பல சனல் இன்டர்ஃபேஸை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான்கு மைக்கும் இரண்டு அடாட் உள்ளீடும் உள்ள ஓடியன்ட் ஐடி44 கூட நல்ல தொடக்கம்: இன்று நான்கு, பிறகு பன்னிரண்டு, பிறகு இருபது.

கெயின், அதாவது மைக் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற விஷயத்தில் இரண்டு முனையையும் பார்க்க வேண்டும். ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக் 94 டெசிபெல் ஒலிக்கு 1.12 மில்லிவோல்ட்தான் தரும். மெல்லிய குரலில் பாடும் ஒருவருக்கு அதை வைத்தால் 60 டெசிபெல் கெயின் தேவைப்படும். ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபெல், நான்காம் தலைமுறையில் 69. பழையதை மலிவாகக் கண்டால் இந்த வித்தியாசத்தையும் விலையோடு சேர்த்து எண்ணுங்கள். மறுமுனை தவில். ரோட் என்டி1-ஏ மாதிரியான கண்டென்சர் மைக் 94 டெசிபெல்லுக்கு 25 மில்லிவோல்ட் தரும். தவிலுக்குக் கிட்ட வைத்து ஒலி 130 டெசிபெல் வரை ஏறினால் கேபிளில் வருவது ஏறக்குறைய 1.6 வோல்ட். கெயினை முழுக்கக் குறைத்த பிறகும் சில ப்ரீஆம்ப்களில் அது தாங்காமல் ஒலி உடையும். பிறகு மென்பொருளில் அளவைக் குறைத்துப் பயனில்லை. உடைந்த ஒலி உடைந்ததுதான். சிக்னலைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குக்கு மாறுங்கள். அதில் அதே அடிக்கு வருவது 0.1 வோல்ட்தான்.

எட்டு மைக் பெட்டிகள் பொதுவாக யூஎஸ்பி கேபிளின் மின்சாரத்தில் மட்டும் ஓடாததற்குக் காரணம் எளிது. யூஎஸ்பி 2.0 தருவது 2.5 வாட். கண்டென்சர் மைக்குக்கு கேபிள் வழியே போகும் 48 வோல்ட் பான்டம் பவரில் ஒரு மைக் 10 மில்லிஆம்பியர் வரை இழுக்கலாம். எட்டு மைக்குக்கு 48 வோல்ட்டில் அதுவே 3.84 வாட். எனவே தனி மின்சாரம் வேண்டும். அடப்டரா, உள்ளேயே பவர் சப்ளையா என்று கேட்டால் நான் உள்ளே இருப்பதைத்தான் எடுப்பேன். வட்டப் பின் அடப்டர்களில் முதலில் தளர்வது பெட்டியின் பின்புறத் துளை. அசைந்தால் பெட்டி அணைந்து மீண்டும் இயங்கும், நடந்துகொண்டிருந்த டேக் போய்விடும். அடப்டர் பெட்டி ஏற்கெனவே கையில் இருந்தால் வயரை ராக்கோடு (பெட்டிகளைப் பூட்டும் சட்டம்) சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

ஹம் சத்தம் வந்தால் முதலில் லாப்டொப் சார்ஜரைக் கழற்றிக் கேளுங்கள். நின்றுவிட்டால் ஏர்த் லூப், அதாவது சாமான்களின் ஏர்த் வழிகள் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன. இன்டர்ஃபேஸ், லாப்டொப், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து எடுத்து, ஸ்பீக்கருக்கு இரைச்சலைத் தவிர்க்கும் பலன்ஸ்ட் கேபிள் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 13 ஆம்பியர் பிளக்கின் ஏர்த் வயரைக் கழற்றிவிட்டுச் சத்தத்தை நிறுத்துவது சிலரின் பழக்கம். மைக்கில் உதடு முட்டப் பாடும் பிள்ளையின் உயிரோடு விளையாடும் வேலை அது, செய்யவே கூடாது.

அடாட்டில் மைக் கூட்டிய பிறகு வரும் முறைப்பாடு ஒன்றுதான்: நல்ல பதிவுக்கு நடுவே இரண்டு மூன்று செக்கனுக்கு ஒருமுறை 'டிக்'. கேபிளை மாற்றுவார்கள், யூஎஸ்பி துளையை மாற்றுவார்கள், போகாது. காரணம் கிளொக், ஒலியை எந்த வேகத்தில் அளப்பது என்று பெட்டிக்குச் சொல்லும் உள் கடிகாரம். இரண்டு பெட்டியும் தத்தம் கிளொக்கில் ஓடினால், பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபாடு போதும்: செக்கனுக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு) எடுக்கும்போது அது செக்கனுக்கு 0.48 சாம்பிள். ஏறக்குறைய இரண்டு செக்கனுக்கு ஒரு சாம்பிள் தவறும், அதுதான் அந்த டிக். பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற, அடாட்டில் கூட்டும் ப்ரீஆம்ப் பெட்டியின் பின்பக்கச் சுவிட்சை உள் கிளொக் 48-இல் வையுங்கள். அதன் ஒப்டிக்கல் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் ஒப்டிக்கல் இன்னுக்கு ஒரு கேபிள். இன்டர்ஃபேஸின் மென்பொருளில் சாம்பிள் ரேட் 48, கிளொக் மூலம் அடாட். லொக் என்று காட்டினால் மட்டும் பதிவைத் தொடங்குங்கள். ஒப்டிக்கல் துளையை எஸ்பிடிஃபாகவும் மாற்றக்கூடிய பெட்டிகளில் அது அடாட்டில்தான் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ப்ராஜெக்டும் 48-இல் இருக்க வேண்டும். 44.1-இல் பதிந்ததை 48 என்று எடுத்து ஓடவிட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே போய்விடும்.

சாம்பிள் ரேட் 96 கிலோஹேர்ட்ஸ் வேண்டுமா? அடாட் கேபிள் ஒன்றில் 48-இல் எட்டு சனல், 96-இல் நான்கு. வீட்டுப் பதிவுக்கு 24 பிட், 48 போதும். எட்டு சனலுக்கு ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 4.15 ஜிபி பிடிக்கும்.

பாடுபவருக்குத் தன் குரல் பிந்திக் கேட்பதற்கு பஃபர் காரணம்: கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகச் சேர்த்துத்தான் கையாளும். 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 2.7 மில்லிசெக்கன், போய்வர அதன் இரட்டிப்பு, அதன்மேல் கன்வர்ட்டரும் டிரைவரும் சேரும். கணினிக்குப் போகாமல் பெட்டியிலிருந்தே ஒலியைக் கேட்க வைக்கும் டைரக்ட் மொனிட்டரைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே இல்லை. ஹெட்போன் வெளியீடு குறைந்தது இரண்டு இருக்கட்டும், இரண்டுக்கும் தனித்தனி மிக்ஸ் அனுப்பக்கூடியதாகவும் இருக்கட்டும். பாடுபவர் சுருதியைக் கேட்பார், மிருதங்கக்காரர் குரலைக் கேட்பார். ஒரே மிக்ஸில் இருவரையும் திருப்திப்படுத்த முடியாது.

இனி உப்பு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கும் அறைகளில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்கள் பரவாயில்லை. வாடை தொடங்கி மாரி இறங்கும்போதுதான் சோதனை. முதலில் பழுதாவது பெட்டியின் உட்பக்கமல்ல, தொடுமிடங்கள். மைக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் பின்னின் பளபளப்பு மங்கிச் சாம்பல் படியும். பான்டம் போட்டதும் கண்டென்சரில் 'கிறுகிறு' என்று வரும். கெயின் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு. பான்டத்தை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, பிளக்கைப் பத்துத் தடவை செருகி எடுத்தால் பாதி தீரும். மீதிக்கு கொன்டாக்ட் கிளீனரைப் பஞ்சில் நனைத்துப் பின்னில் தடவுங்கள். பெட்டிக்குள் பீச்ச வேண்டாம். பயன்படாத ஒப்டிக்கல் துளையின் மூடியைத் தொலைக்காதீர்கள். ராக்கில் பெட்டிக்கு மேலே ஒரு தட்டு இடம் விடுங்கள். எட்டு ப்ரீஆம்பின் சூடு வெளியேற வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோனால் அரை மணி கழித்துத்தான் கரண்ட் கொடுங்கள், உள்ளே வியர்த்திருக்கும்.

கொழும்பில் பாவித்த பெட்டி வாங்கப் போகிறவர் லாப்டொப், ஒரு டைனமிக் மைக், ஒரு கண்டென்சர், ஹெட்போன், ஒரு ஒப்டிக்கல் கேபிள் கொண்டு போக வேண்டும். யூஎஸ்பிக்குப் பதிலாக ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பில் ஓடும் பெட்டி எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள், புது லாப்டொப்பில் அந்தத் துளையே இல்லை. டைனமிக் மைக்கை எட்டு வாயிலும் ஒவ்வொன்றாகச் செருகி, கெயினை முழுக்கத் திறந்து இரைச்சலை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கூட இரைந்தால் அந்த ப்ரீஆம்ப் போய்க்கொண்டிருக்கிறது. கண்டென்சரை எட்டிலும் போட்டு பான்டத்தைப் பாருங்கள். யூஎஸ்பி கேபிளை மெல்ல அசையுங்கள். கடைசியாக ஒப்டிக்கல் அவுட்டையும் இன்னையும் அதே கேபிளால் இணைத்து எட்டு சனலிலும் ஒலி திரும்பி வருகிறதா என்று பாருங்கள். விற்பவர் அடாட்டைப் பாவித்தே இருக்கமாட்டார், அதனால் அது பழுதென்பது அவருக்கே தெரிந்திருக்காது.