நெட் போனாலும் எரியும் விளக்கு: வைஃபையா, ஜிக்பீயா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னையில் பல இடங்களில் கரண்டும் நெட்டும் நாள்கணக்கில் இல்லை. கரண்ட் வந்தாலும் நெட் வராவிட்டால் கம்பெனியின் இணையச் சர்வரை (கிளவுடை) நம்பிய ஸ்மார்ட் சுவிட்சின் ஆப் சும்மாதான் கிடக்கும். வீட்டுக்குள்ளேயே ஓடும் அமைப்புக்கு மூளையாக ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள் போதும்; பழைய லேப்டாப்பிலும் ஓடும், ராஸ்ப்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலும் ஓடும். குழப்பமெல்லாம் கருவிகளை வைஃபையில் வாங்குவதா, ஜிக்பீ என்ற குறைந்த மின்சாரத்தில் ஓடும் இன்னொரு வயர்லெஸ் முறையில் வாங்குவதா என்பதில்தான்.

வைஃபை ரிலேவுக்கு (விளக்கை ஆன், ஆஃப் செய்யும் சின்னக் கருவி) ஜிக்பீ போல யூஎஸ்பியில் செருகும் தனி டாங்கிள் வேண்டாம், சுவிட்ச் போர்டுக்குள்ளேயே அடங்கிவிடும். உள்ளே ஈஎஸ்பி சிப் இருந்தால் டாஸ்மோட்டா, ஈஎஸ்பிஹோம் மாதிரி மாற்று மென்பொருளை ஏற்றி, கம்பெனி சர்வரைக் கழற்றிவிடலாம். அப்புறம் நியூட்ரல் வயர்: பெரும்பாலான ரிலேக்கள் ஓட அது வேண்டும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் அது இருக்கும். மாடிப்படியில் தனியாக நிற்கும் ஒற்றைச் சுவிட்சில் பெரும்பாலும் இருக்காது. காசு கொடுக்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்துப் போர்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சுவரோடு சுவர் ஒட்டிய வண்ணாரப்பேட்டை வீடுகளில் பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் நம் கூடத்துக்கு வந்துவிடும். ஜிக்பீ போட்டால் இந்த நெரிசலே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது! ரவுட்டர்கள் பெரும்பாலும் 1, 6, 11 சேனல்களில் கூடுவதால், ஜிக்பீயை அதன் 25-ஆம் சேனலில் வைத்தால் ஓரளவு நிம்மதி. டாங்கிளை நேராக யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகாதீர்கள், அந்தப் போர்ட்டே சிக்னலைக் கெடுக்கும். எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

ஜிக்பீ ஜெயிப்பது பேட்டரி சென்சாரில். கதவு சென்சாருக்கு ஒரு பட்டன் செல் போட்டால் ஒரு வருஷத்துக்கு மேலும் தாங்கும். வைஃபை அதைச் சீக்கிரமே குடித்துவிடும். ஆனால் ஜிக்பீயில் சிக்னலைக் கைமாற்றுவது கரண்டில் ஓடும் பிளக்குகளும் பல்புகளும்தான். அவை இன்வெர்ட்டர் லைனில் இல்லையென்றால், கரண்ட் போனதும் பின்கட்டுச் சென்சார் தனித்துப் போய்விடும்.

என் ஓட்டு கலப்புக்குத்தான்: சுவிட்சுக்கு வைஃபை, சென்சாருக்கு ஜிக்பீ, ரவுட்டரும் மூளையும் இன்வெர்ட்டரில்.

சம்ப் மோட்டாரை மட்டும் எந்தச் சின்ன ரிலேயிலும் நேராக மாட்டாதீர்கள். கிளம்பும் நேரத்தில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ரிலேவின் காண்டாக்ட் (உள்ளே தொடும் முனை) ஒட்டிக்கொண்டால் தொட்டி நிரம்பி வழிந்தாலும் நிற்காது. நடுவில் ஒரு காண்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) போடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் என்றால் உப்புக்காற்றில் டெர்மினல் ஸ்க்ரூ பச்சை பூத்துவிடும். மொட்டைமாடியில் வைக்கும் எதையும் ரப்பர் வாஷர் வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள்.