எந்த ஷெர்லாக் ஹோம்ஸை முதலில் பார்ப்பது?

டிவி தொடர்களில் ஹோம்ஸாக நடித்த ஜெரமி பிரெட்டா, பெனடிக்ட் கம்பர்பேட்சா?

காலம்: பிரெட் (1984–94) குதிரை வண்டி ஓடும் லண்டன். கம்பர்பேட்ச் (2010–17) செல்போன் லண்டன்.

மூலக்கதை: பிரெட் தொடர் பெரும்பாலும் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலை ஒட்டியே போகும். வழக்கோடு வந்தவர் பேசப் பேச, கண்ணை மூடி விரல் நுனிகளைச் சேர்த்துக்கொண்டு கேட்பாரே, அது கதையில் உள்ளபடியே. கம்பர்பேட்ச் தொடரோ கதைகளைப் பிரித்துப் புதிதாகக் கோக்கிறது. துப்புகள் திரையில் எழுத்தாக மிதக்கும்.

நேரம்: பிரெட் தொடரில் 41 அத்தியாயங்கள், பெரும்பாலும் 50 நிமிடம். கம்பர்பேட்ச் தொடரில் 13, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

வாட்சன் (ஹோம்ஸின் நண்பர்): இரண்டிலும் அருமை.

கதைகளைப் படித்து ரசித்தவர்களுக்கு பிரெட்தான், சந்தேகமே இல்லை. படிக்காதவர்கள், விறுவிறுப்பு வேண்டுபவர்கள் கம்பர்பேட்ச் பக்கம் போகலாம்; நான்காவது சீசனை மட்டும் விட்டுவிடுங்கள்.