கோர்ட்டினாவுக்கு எந்த சீட் பெல்ட்? அசல், புதுநாடா, நகல்: ஓர் ஒப்பீடு

1960களின் ஃபோர்டு கோர்ட்டினாவையோ ஃபோக்ஸ்வாகன் பீட்டிலையோ பழைய நிலைக்குக் கொண்டுவருபவர்கள் எஞ்சின், பெயின்ட், மெத்தை எல்லாம் முடிந்த பிறகே பெரும்பாலும் சீட் பெல்ட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்போது நான்கு வழிகள் தெரியும். அக்காலத்துப் பெல்ட்டையே தேடிப் பிடித்து அப்படியே பூட்டலாம். அதன் உலோகப் பகுதிகளை வைத்துக்கொண்டு நாடாவை மட்டும் புதிதாகத் தைக்கலாம். பழைய தோற்றத்தில் இப்போது செய்யப்படும் நகலை வாங்கலாம். அல்லது தானாகச் சுருளும் நவீன ரீல் பெல்ட்டைப் போடலாம். என் பார்வையில் உண்மையான போட்டி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான். ஆனால் தம் காருக்கு எது சரியான பெல்ட் என்று அறியாதவரால் இவற்றுள் எதையும் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் நம்மவர்கள் வைத்திருக்கும் கோர்ட்டினாக்கள் போர்ட் எலிசபெத்திலும், பீட்டில்கள் யூட்டன்ஹேக்கிலும் பூட்டப்பட்டவை. பிரிட்டனில் 1965 முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளுக்குப் பெல்ட் பூட்டும் இடங்களும், 1967 முதல் பெல்ட்டுகளும் கட்டாயமாயின. அந்தச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் பூட்டப்பட்ட காரைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே 1967ஆம் ஆண்டுக் கோர்ட்டினாவில் இன்ன பெல்ட்தான் இருந்தது என்று பிரிட்டிஷ் கையேடு ஒன்று உறுதியாகச் சொன்னாலும், அது பிரிட்டனில் விற்ற காருக்கான சான்றே தவிர நம்முடையதற்கு அல்ல. அக்காலத்தில் பல கார்களில் பெல்ட்டை விற்பனையாளரே துணைப்பொருளாகப் பூட்டிக் கொடுத்தார். எனவே ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு கோர்ட்டினாக்களில் வெவ்வேறு நிறுவனங்களின் பெல்ட்டுகள் இருந்து, இரண்டுமே அசலாக இருக்க முடியும்.

இதனால் முதல் சாட்சி கார்தான். கதவுத் தூணிலும் தரையிலும் பற்றவைத்த நட்டு இருக்கிறதா, அல்லது பின்னாளில் யாரோ துளையிட்டு அடியில் தகடு வைத்திருக்கிறார்களா என்று தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நட்டு தொழிற்சாலையுடையதானால் அதன் மரை பெரும்பாலும் ஏழு பதினாறாம் அங்குல யூஎன்எஃப் (அங்குல முறை நுண்மரை) அளவில் இருக்கும். மற்றெல்லா போல்ட்டுகளும் மெட்ரிக்காக உள்ள பீட்டிலில்கூடப் பெல்ட்டுக்கு இதே அங்குல மரைதான். கிடைத்த பெல்ட்டில் தைத்திருக்கும் துணிச்சீட்டை அடுத்துப் படிக்க வேண்டும். செய்தவர் பெயரும், சில சமயம் தயாரித்த ஆண்டும், இணங்கிய தரக்குறியும் அதில் இருக்கும். பிரிட்டிஷ் பெல்ட்டில் 1960ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தரநிலையான பிஎஸ் 3254 என்ற எண் இருந்தால் அது காலத்தோடு பொருந்துகிறது. வட்டத்துக்குள் ஈ (E) என்ற ஆங்கில எழுத்தும் நாட்டு எண்ணும் இருந்தால், அது 1970இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதி 16இன் குறி. அந்தப் பெல்ட் 1966ஆம் ஆண்டுக் காரோடு பிறந்திருக்க முடியாது. சிவப்பு அழுத்துபொத்தானும் அந்த விதி கேட்பதே என்பதால், அதைக் கண்டாலும் தேதியைச் சரிபார்ப்பது நல்லது.

பிரிட்டிஷ் கார்களில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர்கள் கேங்கால், பிரிட்டாக்ஸ் இரண்டும். (இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினருக்குத் தொப்பி செய்து கொடுத்த அதே கேங்கால்தான்.) இவற்றின் அக்காலப் பெல்ட்டுகள் பெரும்பாலும் ரீல் இல்லாதவை, ஆளுக்கேற்ப நீளத்தைக் கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். பழைய பெல்ட்டை அப்படியே பூட்டுவது கண்காட்சியில் மதிப்பெண் தரும், சாலையில் ஆபத்து தரும். நைலான் நாடாவும் தையல் நூலும் வெயிலில் வலுவிழக்கின்றன. டர்பனின் உப்புக்காற்று பக்கிளின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் தின்கிறது. பிரிக்காத பெட்டியில் கிடைத்த பெல்ட்டுக்கு வெயில் படவில்லை என்பது உண்மையே, ஆயினும் அதன் வயதும் ஐம்பதைத் தாண்டியது.

நவீன ரீல் பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தினமும் ஓட்டும் காருக்கு அது ஏற்றது. ஆனால் ரீலைச் சுழலாமல் பிடித்து நிறுத்தும் பொறி குறிப்பிட்ட கோணத்தில் நின்றால்தான் சரியாக இயங்கும். சாய்ந்த தூணில் மனம்போனபடி பூட்டினால் பட்டை இழுக்கவே வராமல் சிக்கிக்கொள்ளும், அல்லது பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

நகல் பெல்ட்டின் பலம் அதன் புதிய நாடாவும் நிகழ்காலத் தரச்சான்றும். பலவீனம் பக்கிளில் இருக்கிறது. பெரும்பாலான நகல்களில் பொதுவான குரோம் பக்கிள் ஒன்றையே எல்லாக் கார்களுக்கும் போட்டுவிடுகிறார்கள். பெயர் பொறித்த அசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

புதுநாடா முறை இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஒரு பெல்ட் எந்தக் காலத்தது, எவர் செய்தது என்று காட்டுபவை பக்கிள், நீளம் சரிசெய்யும் வளையம், போல்ட் ஆகிய உலோகப் பாகங்கள். நாடாவோ டயரைப் போலத் தேய்ந்து மாற்றப்பட வேண்டிய பொருள். நிறம் பொருத்த வெளியே வெளுத்துப்போன பகுதியைப் பார்க்காமல், வளையத்துக்குள் மறைந்திருந்த துண்டை மாதிரியாகக் கொடுக்க வேண்டும்; நெசவின் வரிகளும் அங்கேதான் தெளிவாக இருக்கும். இந்த வேலையை மெத்தை தைப்பவரிடம் ஒப்படைக்கவே கூடாது. மோதலின் விசையைத் தாங்குவது அந்தத் தையலின் வடிவமும் நூலும்தான் என்பதால், பெல்ட் தைப்பதையே தொழிலாகக் கொண்டு, தைத்ததைச் சோதித்துச் சான்றும் தருபவரிடம் மட்டுமே கொடுக்கலாம். பழைய துணிச்சீட்டைப் புதிய நாடாவில் தைக்கச் சொல்லும் ஆசையும் வேண்டாம். தேதியைப் பற்றி அது பொய் சொல்லும். அதைக் காரின் கோப்பில் வைத்தால் போதும்.

காரின் உரிமை கைமாறும்போது இந்நாட்டில் ரோட்வொர்த்தி சோதனை, அதாவது கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்ற சோதனை, உண்டு. எஸ்ஏபிஎஸ் 1080 என்ற தரமே இங்கே பெல்ட்டுக்கான அளவுகோல். இந்த ஒரு விஷயத்தில் நகலுக்குச் சாதகம் அதிகம், ஆனால் அந்த நகல் உரிய குறியோடு வந்திருக்க வேண்டும். புதுநாடா போட்டவர் தைத்தவரின் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, சோதனை நிலையத்தில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஆகவே விற்கும் எண்ணத்தோடு புதுப்பிப்பவருக்கு நகலும், வீட்டிலேயே வைத்துக்கொள்பவருக்குப் புதுநாடாவும் பொருந்தும். நகலை வாங்குபவரும் காரிலிருந்து கழற்றிய பழைய பக்கிள்களை எறியாமல், வாங்க வருபவரிடம் காரோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.