பயிற்சி மண்டபமா, கைப்பேசியா, வகுப்பறைப் பாயா?

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு வாசிப்புக் கற்பிக்கும் வித்தையை எப்படிச் சொல்லித் தருவது? நம் ஊரில் இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பருவத் தொடக்கத்தில் வட்டார வள மையத்துக்கு வரவழைத்து உட்கார வைப்பது ஒன்று. திக்‌ஷா போன்ற இணையத் தளத்தில் பாடத்தை ஏற்றிவிட்டு, வீட்டிலிருந்தே பார்த்து முடிக்கச் சொல்வது இன்னொன்று. ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கே போய், வகுப்பைப் பார்த்து, கூடவே உட்கார்ந்து பேசுவது மூன்றாவது. மூன்றும் வேண்டும் என்று சொல்லி நழுவிவிடலாம்தான். ஆனால் நாளும் பணமும் அளவாகத்தானே இருக்கின்றன? எதைக் குறைத்து எதைக் கூட்டுவது என்று வரும்போது, நானும் ஓர் ஆசிரியர் பயிற்றுநர் என்ற முறையில் என் ஓட்டு மூன்றாவதற்கு. அதுவும் இன்று நடக்கிற விதத்தில் அல்ல.

முதலில் மண்டபம். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம் தொடங்கியபோது, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் முறையே மாறியது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகள். கையேடு புதிது, பயிற்சி நூல் புதிது. இப்படி ஒரு மாற்றத்தைக் குறுகிய காலத்தில் மாநிலம் முழுக்கக் கொண்டுபோக, கூட்டிவைத்துச் சொல்வதைத் தவிர வேறு வழி கிடையாது. ஈராசிரியர் பள்ளியில் தனியாகக் கிடக்கும் ஒருவருக்குப் பக்கத்து ஊர் டீச்சரோடு பேசக் கிடைக்கும் ஒரே இடமும் அதுதான். டீ இடைவேளையில் கைமாறும் யோசனைகளில் பாதி, மேடையில் சொன்னதைவிடப் பயனுள்ளவை என்பது என் அனுபவம்.

ஆனால் மாநிலக் கருத்தாளரிடமிருந்து (பயிற்சி தருபவர்) மாவட்டக் கருத்தாளருக்கு, அங்கிருந்து வட்டாரத்துக்கு என்று இறங்கி இறங்கி வரும்போது சரக்கு வற்றிவிடுகிறது. மேலே செய்து காட்டியது, நடுவில் சொல்லிக் காட்டியதாகி, கடைசியில் திரையில் ஓட்டிக் காட்டியதாக வந்து நிற்கிறது. எதிரில் இருப்பவர்கள் பெரியவர்கள் என்பதும் ஒரு சிக்கல். பிள்ளை மாதிரி நடித்துக்காட்டும் டீச்சர் யாரும் உண்மையில் திணறுவதில்லை.

இந்தப் போட்டியை வாய்வாதமாக விடாமல் சோதித்தே பார்த்த இடம் தென்னாப்பிரிக்கா. வடமேற்கு மாகாணத்தில் 2015-இல் 230 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். தாய்மொழியான செட்ஸ்வானாவில் வாசிக்கக் கற்பிப்பதுதான் பாடம். 50 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி. இன்னொரு 50 பள்ளிகளுக்கு, வகுப்புக்கே வந்து துணைநிற்கும் வாசிப்புப் பயிற்றுநர். மற்றொரு 50-இல் பெற்றோரை ஈடுபடுத்தும் முயற்சி. மீதி 80 பள்ளிகள் வழக்கம்போல. முதல் இரு பிரிவுக்கும் அதே பாடத்திட்டக் குறிப்புகள், அதே படிநிலை வாசிப்பு நூல்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பிள்ளைகளைச் சோதித்தபோது, கூட்டிப் பயிற்சி தந்த பள்ளிகளில் முன்னேற்றம் 0.12 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவை ஒன்று என்று வைத்து அளக்கும் அலகு). பயிற்றுநர் போன பள்ளிகளில் 0.24. பயிற்றுநருக்குச் செலவு கூடுதல்தான். ஆனாலும் செலவிட்ட காசுக்குக் கிடைத்த பலனிலும் அதுவே முந்தியது.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது, வகுப்பறையில் என்ன மாறியது என்பது. பயிற்றுநர் வந்துபோன வகுப்புகளில் சிறு குழுவாக உட்காரவைத்து வாசிக்கவிடுவதும், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கக் கேட்பதும் கூடியிருந்தன. ஒரு குழுவோடு டீச்சர் இருக்கும்போது மீதி முப்பது பேர் என்ன செய்வார்கள் என்ற கவலை தீர்ந்தால்தான் இது நடக்கும். அந்தக் கவலையை மண்டபத்தில் யாராலும் தீர்த்துவைக்க முடியாது.

சரி, அவ்வளவு பேரை வண்டியில் அனுப்புவதற்குப் பதில் கைப்பேசியிலேயே துணைநிற்கலாமே? அதையும் அவர்களே பார்த்துவிட்டார்கள். ம்புமலாங்கா மாகாணத்தில், இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிப்பதில், நேரில் வரும் பயிற்றுநரையும் தொலைவிலிருந்து கூப்பிட்டுப் பேசும் பயிற்றுநரையும் ஒப்பிட்டார்கள். முதலாண்டில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகவே தெரிந்தன. மலிவான வழி கிடைத்துவிட்டது என்று அதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறாகியிருக்கும். மூன்றாம் ஆண்டு முடிவில், நேரில் போன பள்ளிகளில் ஆங்கிலப் பேச்சுத்திறன் 0.31, வாசிப்பு 0.13 திட்ட விலக்கம் உயர்ந்திருந்தன. தொலைவழியில் பேச்சுத்திறன் 0.12 மட்டும், வாசிப்பில் ஒன்றுமில்லை. அதைவிடக் கொடுமை, அந்தப் பள்ளிகளில் தாய்மொழி வாசிப்பு பின்வாங்கியிருந்தது. ஆங்கிலம் தாய்மொழியின் நேரத்தைத் தின்றுவிட்டது. கருவியில் கோளாறு இல்லை. நேரில் ஆள் வரும்போது கிடைத்த ஆதரவும் பொறுப்புணர்வும் போனில் வரவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் கண்ட காரணம்.

நம்மூர் இணையவழிப் பயிற்சி இந்தத் தொலைவழித் துணைக்கே கால் தூசு பெறாது. அங்கே பேச ஒரு ஆளாவது இருந்தார். இங்கே காணொளியை ஓடவிட்டுச் சமையலைக் கவனித்தால் கடைசியில் சான்றிதழ் வந்துவிடும். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. மணிக்கணக்கில் அளக்கத் தொடங்கினால், எண்ண வசதியான மண்டபமும் காணொளியும்தான் பெருகும். பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளையை வாசிக்கக் கேட்ட இருபது நிமிடத்தை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? கைப்பேசிக்கு ஒரு வேலை உண்டு: ஒலிப்பு, பாடல், இரண்டு நிமிட மாதிரி வகுப்பு. பார்த்ததை மறுபடி பார்க்க நல்லது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

அப்படியானால் பள்ளிப் பார்வையைக் கூட்டிவிட்டால் போதுமா? இங்கேதான் எனக்கு வருத்தம். நம் பயிற்றுநர் பள்ளிக்குள் நுழைந்ததும் எச்.எம். பதிவேடுகளை எடுத்துவைக்கிறார். வருகை, எமிஸ் (மாணவர், பள்ளி விவரங்களை ஏற்றும் தளம்), செயலியில் மதிப்பீடு ஏற்றியாச்சா என்ற கேள்விகள். வகுப்பில் பத்து நிமிடம், படம் எடுக்க இரண்டு நிமிடம். ஒருமுறை ஒரு பள்ளியில், “சார், பார்வைப் புத்தகத்துல நல்லதா நாலு வரி எழுதிட்டுப் போங்க, போதும்” என்று ஒரு டீச்சர் பாதி வேடிக்கையாகவே கேட்டார். அவருக்கு நான் இன்ஸ்பெக்டர். அந்த எண்ணம் இருக்கிறவரை அவர் தன் வகுப்பின் பலவீனத்தை என்னிடம் காட்ட மாட்டார். தென்னாப்பிரிக்காவில் வென்றது இந்தப் பார்வை அல்ல.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. ஆசிரியர் பயிற்றுநர்கள் பட்டதாரி ஆசிரியர் தகுதியில் வந்தவர்கள். கணிதமோ இயற்பியலோ படித்துவிட்டு வந்து, ஒரு நாள்கூட ஒன்றாம் வகுப்பு எடுக்காதவர்கள் எங்களில் பலர். முதல் வாசிப்பு தனிப் படிப்பு என்பதே எங்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ‘மெ’ என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. காதுக்கு முதலில் கேட்பது மகரம். ‘கோழி’யைக் ‘கேழி’ என்று படிக்கிற பிள்ளை கொம்பைப் பார்த்துவிட்டது, காலை விட்டுவிட்டது. ‘பகல்’ என்பதில் ககரத்தைக் ‘கல்’லில் வருவதுபோல் அழுத்திப் படிக்கிற பிள்ளைக்கு எழுத்து தெரியும், அந்தச் சொல்தான் இன்னும் காதில் விழவில்லை. ‘சென்றான்’ என்ற இடத்தில் தடுக்கி நிற்பது, வீட்டில் எல்லாரும் ‘போனான்’ என்பதால். மூன்று பேருக்கும் மருந்து வேறு. மூன்று பேரையும் ‘அரும்பு’ என்று ஒரே கட்டத்தில் எழுதிவிட்டு வந்தால், டீச்சருக்கு என்ன சொல்லிவிட்டு வந்தோம்?

ஆக, திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தால் மண்டப நாட்களைப் பருவத்துக்கு ஒன்றாகச் சுருக்குவேன், புதுக் கையேட்டை அறிமுகப்படுத்த மட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் திரையை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு பிள்ளை வாசிக்கும் ஒலிப்பதிவைக் கொண்டுவரச் சொல்வேன். பயிற்றுநருக்கு எல்லாப் பள்ளியையும் தொட வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டு, பருவத்துக்கு ஐந்தாறு பள்ளி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மாதம் இருமுறை. மற்ற பள்ளிகள் அந்தப் பருவம் காத்திருக்கட்டும் என்று சொல்ல மேலே ஒருவருக்குத் துணிவு வேண்டும். செயலிக் கணக்குப் பார்க்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். ஒரே ஆள் தோழனாகவும் தணிக்கையாளனாகவும் இருக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால், ஜூனில் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு பயிற்றுநரும் இரண்டு வாரம் ஒன்றாம் வகுப்பைத் தானே எடுக்க வேண்டும். அதன்பிறகு வேறொரு பள்ளிக்குப் போகும் முதல் நாளிலும் அவரே பாடம் நடத்தட்டும். டீச்சர் பாயில் உட்கார்ந்து, அவர் எங்கே திணறுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.