வின்ஐஎஸ்டி: மேசையடி சப்வூஃபருக்குப் பலகை அறுக்கும் முன்

மேசைக்கு அடியில் வைக்கிற அளவில் ஒரு சின்ன சப்வூஃபர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் டிரைவரை (கோனும் காந்தமும் சேர்ந்த வெறும் ஸ்பீக்கர்) வாங்கிய கையோடு ப்ளைவுட் கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரி வின்ஐஎஸ்டியோடு உட்கார வேண்டும். டிரைவரின் எண்களைக் கொடுத்தால் அது எந்தப் பெட்டியில் எப்படி ஒலிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும், லீனியர்டீம் வெளியிட்டிருக்கும் இலவச மென்பொருள் இது. விண்டோஸில் ஓடும். பார்க்க இருபது வருடத்துக்கு முந்தைய மென்பொருள் போலவே இருக்கும், சின்னச் சின்ன எழுத்து, சாம்பல் நிறப் பெட்டிகள். அழகு பார்த்து யாரும் இதை வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் சின்னப் பெட்டி விஷயத்தில் இது காட்டுகிற சில கோடுகளை எந்தக் கடைக்காரரும், எந்த ஆசாரியும் நமக்குச் சொல்லித் தர முடியாது.

உள்ளே ஓடும் கணக்கு புதிதல்ல. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் எழுதிய கட்டுரையும், அதை விரித்து சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் எழுதியவையும்தான் அடிப்படை. டிரைவரோடு வரும் தாளில் எஃப்எஸ் (டிரைவரின் ஒத்ததிர்வு அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்கான எண்), விஏஎஸ் (கோனின் பிடிமானம் அளவுக்கே மீள்தன்மை உள்ள காற்று எத்தனை லிட்டர்) என்று இருக்குமே, அவை இவர்கள் இருவர் பெயரால் வழங்கும் அளவுகள். மென்பொருளில் புதிய ப்ராஜெக்ட் திறந்தால் டிரைவர் எது, எத்தனை, பெட்டி மூடியதா, போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்ததா, பாஸிவ் ரேடியேட்டரா (காந்தமில்லாத துணைக் கோன்) என்று வரிசையாகக் கேட்கிறது. பதில் சொன்னால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் வரும் என்ற கோடு வந்துவிடும். பெட்டியின் லிட்டரை மாற்றினால் கோடும் கூடவே நகரும்.

என்னுடைய தேவையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எண்கள் புரியும். கோவையில் வாடகை வீடு, நாலடி மேசை, அதன் மேல் மூன்று அங்குல ஸ்பீக்கர் இரண்டு. அவை நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் பேசாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். பழைய திரைப்பாடல்களில் அந்தக் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகும். அது காதில் விழாமல் பாட்டைக் கேட்பது எனக்குப் பாதிப் பாட்டுதான். கையில் இருந்தது ஐந்தேகால் அங்குல டிரைவர். எஃப்எஸ் 42 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.40, விஏஎஸ் 9 லிட்டர், கோனின் பரப்பு 90 சதுர செ.மீ., ஒரு பக்கம் 7 மி.மீ. வரை நேர்த்தியாக நகரும்.

மூடிய பெட்டி என்று கொடுத்து 6 லிட்டர் போட்டால் ஒத்ததிர்வு 66 ஹெர்ட்ஸ், மொத்த க்யூ 0.63. 4 லிட்டருக்கு இறக்கினால் 76 ஹெர்ட்ஸ், 0.72. 3 லிட்டரில் 84 ஹெர்ட்ஸ், 0.80. க்யூ 0.707 பக்கம் இருந்தால் கோடு மேடில்லாமல் தட்டையாக வந்து இறங்கும் என்பதால் 4 லிட்டர் பார்க்க லட்சணமாக இருக்கிறது. இங்கேதான் நிறைய பேர் திருப்தியாகி மென்பொருளை மூடிவிடுகிறார்கள். முதலில் திரையில் வரும் அந்த ரெஸ்பான்ஸ் கோடு, சின்னப் பெட்டியைப் பொறுத்தவரை இருப்பதிலேயே குறைவாக உதவும் கோடு. 40 ஹெர்ட்ஸில் 11 டெசிபல் இறங்கியிருக்கிறது என்று அது சொல்லும். சரி, ஈக்யூ (ஈக்வலைசர்) போட்டுத் தூக்கிக்கொள்ளலாம் என்று நாமும் நினைப்போம். தூக்கினால் கோன் தாங்குமா என்ற கேள்விக்கு அந்தக் கோட்டில் பதில் கிடையாது.

பதில் இருப்பது, கோன் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று காட்டும் கோன் எக்ஸ்கர்ஷன் என்ற வரைபடத்தில். சிக்னல் பக்கத்தில் வாட்டை 1 என்றே விட்டுவிட்டால் எல்லா டிரைவரும் சாதுவாகத்தான் தெரியும். உண்மையில் கொடுக்கப்போகும் வாட்டைப் போடுங்கள். என் டிரைவருக்கு 4 லிட்டர் மூடிய பெட்டியில் சுமார் 40 வாட் கொடுத்தால் 40 ஹெர்ட்ஸில் கோன் அந்த 7 மி.மீ. எல்லையைத் தொட்டுவிடுகிறது. அப்போது தரையில் வைத்த பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் கிடைப்பது 88 டெசிபல் போல. அதே 88ஐ 100 ஹெர்ட்ஸில் எடுக்க 4 வாட் போதும். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கோன் நாலு மடங்கு நகர வேண்டும். மேசைச் சப்வூஃபரின் மொத்த விஷயமும் இதற்குள்ளேயே இருக்கிறது. பெட்டி செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கோன் தள்ளுகிற காற்றின் அளவைத் தாண்டி ஒரு டெசிபல்கூட அதிகம் எடுக்க முடியாது.

மூடிய பெட்டியிடம் எனக்குப் பிடித்த குணமும் இதே வரைபடத்தில்தான் தெரிந்தது. ஒத்ததிர்வுக்குக் கீழே போகப் போகக் கோடு ஏறிக்கொண்டே போகாமல் ஓர் இடத்தில் படுத்துவிடுகிறது. உள்ளே அடைபட்ட காற்று கோனைப் பிடித்துக்கொள்கிறது. ஆக இந்த டிரைவருக்கு 40 வாட் ஆம்ப் வைத்தால், எந்தப் பாட்டு வந்தாலும் கோன் ஏறக்குறைய எல்லைக்குள்ளேயே நிற்கும். போர்ட் வைத்த பெட்டியில் ட்யூன் செய்த அதிர்வெண்ணுக்குக் கீழே அந்தப் பிடி போய்விடும். ஒரு படத்தில் 20 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் கோன் கட்டவிழ்ந்து ஓடும். பழைய சங்கதி என்று மூடிய பெட்டியை ஒதுக்குபவர்கள் இந்த இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

‘போர்ட் வெச்சா பேஸ் தூக்கலா இருக்கும்’ என்று பாக்ஸ் செய்யும் கடைகளில் சொல்வார்கள். பெரிய பெட்டிக்கு அது நூறு சதவீதம் உண்மை. 6 லிட்டர் பெட்டியை 40 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய, 5 செ.மீ. உள்விட்டம் உள்ள பிவிசி பைப் எவ்வளவு நீளம் வேண்டும் என்று வின்ஐஎஸ்டியிடம் கேட்டால் கிட்டத்தட்ட 58 செ.மீ. என்கிறது. பைப் மட்டுமே ஒரு லிட்டருக்கு மேல் இடத்தைத் தின்றுவிடும், பெட்டிக்குள் அதை மடித்து வைக்கவும் வழியில்லை. பைப்பை 2.5 செ.மீ. ஆக்கினால் நீளம் பதிமூன்றரை செ.மீ.தான், கச்சிதமாக உட்காரும். உடனே ஏர் வெலாசிட்டி வரைபடத்தைத் திறக்க வேண்டும். அந்த 88 டெசிபலுக்கு, சின்ன பைப்புக்குள் காற்று நொடிக்கு 32 மீட்டர் வேகத்தில் போய்வருகிறது. 17 மீட்டரைத் தாண்டினாலே புஸ் புஸ் என்று மூச்சுவிடும் சத்தம் கேட்கும் என்பது பொதுவான கணக்கு. மேசையடியில், காலுக்கு ஓரடி தள்ளி இருக்கும் பெட்டியில் அந்தச் சத்தம் பாட்டைக் கெடுத்துவிடும். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஜோசப் ஆண்டன் ஹாஃப்மன் சொன்ன இரும்பு விதி ஒன்று உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். நான் முதல் இரண்டை எடுத்துக்கொண்டேன்.

ஈக்யூ பக்கத்தில் லிங்க்விட்ஸ் ட்ரான்ஸ்ஃபார்ம் என்று ஒன்று இருக்கிறது. 76 ஹெர்ட்ஸ் பெட்டியை 45 ஹெர்ட்ஸ் பெட்டி மாதிரி நடக்க வைக்கலாம். அதற்கு அடியில் 9 டெசிபல் வரை தூக்க வேண்டும், அதாவது எட்டு மடங்கு வாட். இந்த ஈக்யூவையும் சேர்த்தே எக்ஸ்கர்ஷன் கோட்டைக் காட்டுவதால் எவ்வளவு தூக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று பலகை வாங்கும் முன்னரே தெரிந்துவிடுகிறது. கணினியிலிருந்து மட்டும் பாட்டுக் கேட்பவர்களுக்கு இதற்காகத் தனி போர்டு எதுவும் வேண்டாம், ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளிலேயே அமைத்துக்கொள்ளலாம். ஆம்புக்கு நான் வைத்திருப்பது டிபிஏ3116 சிப் போட்ட சின்ன போர்டு. அதைப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே விட்டிருக்கிறேன். உள்ளே வைத்தால் அதன் இடத்தையும் சேர்த்துப் பெட்டியைப் பெரிதாக்க வேண்டும், காற்றுப்போகாத பெட்டிக்குள் சூடும் தங்கும்.

இனி, இந்த மென்பொருள் சொல்லாதவை. அது காட்டும் லிட்டர், பெட்டிக்குள் மிஞ்சும் வெறும் காற்றின் அளவு. டிரைவரின் காந்தம், உள்ளே வைக்கும் குறுக்குக் கட்டை எல்லாவற்றையும் நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். 4 லிட்டருக்கு நான் நாலரை லிட்டர் எடுத்தேன், உள்ளளவு மூன்று பக்கமும் 16.5 செ.மீ. இதை 18 மி.மீ. எம்டிஎஃபில் செய்தால் வெளியளவு 20.1 செ.மீ., அதாவது 8 லிட்டருக்கு மேல். கிட்டத்தட்ட பாதி இடம் மரத்துக்கே போகிறது! 12 மி.மீ. ப்ளையில் செய்தால் 18.9 செ.மீ., ஆறே முக்கால் லிட்டர்தான். பெரிய பெட்டிக்குத் தடித்த பலகை அவசியம். ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவான பலகை தன்னாலேயே விறைப்பாக இருக்கும், நடுவில் ஒரு கட்டை கொடுத்தால் 12 மி.மீ. தாராளமாகப் போதும். கனசதுரப் பெட்டி கூடாது என்ற பயமும் இங்கே வேண்டாம். 16.5 செ.மீ. இடைவெளியில் நிற்கும் அலை 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருவாகும். சப்வூஃபர் அந்தப் பக்கமே போவதில்லை.

அறுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். மிஷின் பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடும். பலகையில் கோடு போட்டுக் கொடுப்பதை விட, அளவை எழுதிக் கொடுத்து, ‘அண்ணா, எதிரெதிர் பக்கம் ரெண்டையும் ஒரே செட்டிங்கில அறுத்துடுங்க’ என்று சொல்வது மேல். அளவு ஒரு மி.மீ. கூடியிருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பெட்டி கோணாமல் நிற்கும். ஒட்டிக் காய்ந்ததும் 30 ஹெர்ட்ஸ் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை ஒவ்வொரு மூட்டின் ஓரமாகவும் மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். மூட்டு சரியாக அடைந்திருந்தால் புகை நேராக ஏறும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் புகை நடுங்கும். வயர் டெர்மினலைச் சுற்றித்தான் பெரும்பாலும் நடுங்கும். கோனின் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அங்கே எப்படியும் புகை ஆடும், நெருப்பும் பட்டுவிடும்.

அறையையும் வின்ஐஎஸ்டி அறியாது. சுவர் மூலைக்குத் தள்ளினால் அடி பேஸ் ஏறும், அதைக் காதால்தான் சரி செய்ய வேண்டும். அட்வான்ஸ்டு பக்கத்தில் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸையும் கணக்கில் எடு என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் மேல்பகுதிக் கோடு உண்மைக்கு நெருங்கும். டிரைவரின் தாளில் உள்ள எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும், சவுண்ட் கார்டும், ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் இருந்தால் எஃப்எஸ், க்யூடிஎஸ் இரண்டையும் வீட்டிலேயே அளந்துவிடலாம். அளந்த எண்களைப் போடும்போதுதான் இந்த மென்பொருள் முழு வேலை செய்கிறது. இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு விடுவிக்ஸ்கேட் இருக்கிறது, அதுவும் இலவசம். முதல் பெட்டி செய்பவர் அதைத் திறந்தால் மிரண்டுவிடுவார். வின்ஐஎஸ்டியில் அந்த மிரட்சி இல்லை.

பெட்டி இப்போது மேசைக்கு அடியில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவாக இருக்கிறது. 110 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்கும் மேலே ஸ்பீக்கர்களுக்கும் என்று பிரிப்பதால் ஓரமாக வைத்தால் சத்தம் வரும் பக்கம் தெரிந்துவிடுகிறது. கிட்டார்க் கம்பியை விரல் விட்டுவிடும் அந்தக் கணம்கூடத் தனியாகக் கேட்கிறது, மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கு வயிறு வந்திருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் இதுவரை மேலே வரவில்லை. சினிமா வெடிச்சத்தத்தில் தரை அதிர வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது, ஆகாது என்பதையும் அந்த எக்ஸ்கர்ஷன் கோடு முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இதுவரை டிரைவரே வாங்காதவர்கள்தான் வின்ஐஎஸ்டியால் அதிகம் பயனடைவார்கள். கண்ணில் பட்ட மூன்று நாலு டிரைவர்களின் எண்களை உள்ளே போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே 4 லிட்டர் கொடுத்து, 40 ஹெர்ட்ஸில் மேக்ஸிமம் எஸ்பிஎல் (அதிகபட்சச் சத்தம்) வரைபடத்தை மட்டும் பாருங்கள். பெட்டி மேல் 300 வாட் என்று அச்சடித்த டிரைவரை, 60 வாட் டிரைவர் சர்வசாதாரணமாகத் தாண்டி நிற்கும் இடங்கள் வரும். கோன் பரப்பையும் அது நகரும் தூரத்தையும் பெருக்கி, எது பெரிதாக வருகிறதோ அதை வாங்குங்கள்.