காபியில் கலக்கும் 'முதியோர் ஊட்டச்சத்துப் பொடி': வாங்கும் முன் படியுங்கள்

காபியில் கலந்து குடித்தால் தெம்பு வரும் என்று சொல்லி, என் அம்மாவிடம் ஒரு நிறுவனம் ஊட்டச்சத்துப் பொடியை விற்று ஏமாற்றியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

தொலைபேசியில் பேசிய பெண் அத்தனை அன்பாக விசாரித்திருக்கிறார். முழங்கால் வலிக்கிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுவிட்டு, "எழுந்ததும் கொதிக்கக் கொதிக்கக் காபி போட்டு ஒரு கரண்டி கலந்து குடியுங்கள் அம்மா, எத்தனை காபி குடித்தாலும் கலந்துகொள்ளுங்கள்" என்றாராம். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதையும், தைராய்டு மாத்திரை சாப்பிடுவதையும் அம்மா சொல்லியிருக்கிறார். "அதற்கும் நல்லதுதான்" என்று பதில் வந்திருக்கிறது.

டப்பாவின் முகப்பில் '100 கிராமில் 20 கிராம் புரதம்' என்று கொட்டை எழுத்து. உள்ளே இருந்த கரண்டியோ 10 கிராம்தான் கொள்ளும். ஆக, ஒரு காபிக்கு 2 கிராம். 200 மில்லி பாலிலேயே 6 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்கிறார்கள் வல்லுநர்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்த 2 கிராம் எந்த மூலைக்கு?

பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலை மறைத்து ஒரு சலுகை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டி எடுத்தேன். முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். எடை அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் எழுதுவார்கள். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் இந்தப் பொடி நாக்கில் அவ்வளவாக இனிக்காது. ஆனால் குளுக்கோஸைப் போலவே ரத்தச் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும். அதே டப்பாவில் 'சர்க்கரை சேர்க்காதது' என்றும் அச்சடித்திருக்கிறார்கள். என்ன நெஞ்சழுத்தம்! 'உயிருள்ள நன்மை தரும் பாக்டீரியா' என்று வேறு போட்டிருக்கிறது. கொதிக்கும் காபியில் அது எப்படி உயிரோடு இருக்கும்?

எனக்கு ஆறாத கோபம் தைராய்டு விஷயத்தில்தான். லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட வேண்டும். கால்சியமோ இரும்புச்சத்தோ சேர்ந்த பொடி என்றால் 4 மணி நேர இடைவெளி தேவை. இல்லாவிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இந்தப் பொடியில் இரண்டும் உண்டு. அம்மாவின் அடுத்த பரிசோதனையில் சர்க்கரையும் ஏறியிருந்தது, தைராய்டு மருந்து போதாதபோது ரத்தத்தில் கூடும் டிஎஸ்ஹெச் (TSH) என்ற ஹார்மோனின் அளவும் ஏறியிருந்தது. மருத்துவர் டப்பாவைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதப் பொடி எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது என்றும் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், சீல் உடைத்தாயிற்று என்கிறார்கள். மாதந்தோறும் டப்பா அனுப்ப அம்மா சம்மதித்ததாகச் சொல்லி, கார்டிலிருந்து மறுபடியும் பணம் எடுத்திருக்கிறார்கள். வங்கியில் சொல்லி அதை நிறுத்தினோம். ஸ்டிக்கரையும் பட்டியலையும் படமெடுத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். இப்படியொரு டப்பா உங்கள் வீட்டிலும் இருந்தால் ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்; அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.